மூன்றாம் தடவை ஏன் போனான்

ஐம்பது நிமிடத் தாமதம் என்று ஒலிபெருக்கியில் அந்தப் பெண் சொன்னதைத் தணிகாசலம் நம்பவில்லை. அதெப்படி முழுசாக ஐம்பது? நாற்பத்தேழு என்றாலோ ஐம்பத்துமூன்று என்றாலோ யாரோ எங்கோ உட்கார்ந்து நிஜமாகவே பார்த்துச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது என்றால் வாயில் வந்ததைச் சொல்வது. வண்டி அடுத்த நிமிடமே வந்து நிற்கும், இல்லாவிட்டால் மத்தியானம்வரை வராது. எது நடந்தாலும் அது தனக்கென்றே நடக்கும் என்பது அவன் கட்சி. காட்பாடி ஜங்ஷனின் இரண்டாம் பிளாட்பாரத்தில், காலை பத்து மணி வெயில் கூரையைத் தாண்டி வந்து பெஞ்சில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெயில் படாத பாதியில் அவன் முதுகு சாயாமல் உட்கார்ந்து எதிர் பெஞ்சுக்காரரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்ப்பதில்லை, முகம் பொய் சொல்லும். இருபது வருஷம் பட்டாளம், அப்புறம் பதினொரு வருஷமாக வேலூரில் ஒரு பேங்கு வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலை, இரண்டும் சேர்ந்து அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒன்றைத்தான். எதிரே இருந்தவரின் கை ஒரு மஞ்சள் பையின் காதைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது. இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று தணிகாசலம் முடிவு கட்டினான். இருந்தது முருங்கைக்காய். பைக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு ஊருக்கே தெரிந்தது. ஆனால் சந்தேகம் பிடித்தவனுக்கு நீட்டிக்கொண்டிருப்பது என்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது?

வருகிறவன் பரமார்த்தலிங்கம். உடன்குடிக்காரன். ஒரே பட்டாலியன், ஒரே செக்ஷன், ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் வடக்கே எல்லை மலையில் ஓர் ஓடைப் படுகையில் குண்டடி பட்டுக் கிடந்த லிங்கத்தைத் தணிகாசலம் முதுகில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். லிங்கத்தை மட்டுமா, அன்றைக்கு மூன்று பேரை, மூன்று தடவை போய், மேலேயிருந்து எதிரிகள் சுட்டுக்கொண்டே இருக்கும்போது. அதற்குத்தான் சேனா மெடல். அதற்குத்தான் ஊரில் அவன் வீட்டுக்கு மெடல்காரர் வீடு என்று பேர். லிங்கம் வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறவனாக ஊர் போய்ச் சேர்ந்தான். வருஷா வருஷம் அந்தத் தேதியில் போன் பண்ணுவான், "நீரு குடுத்த உசுருவே, நல்லாத்தான் ஓடுது" என்பான், ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டி அனுப்புவான். இந்த வருஷம் கருப்பட்டி வரவில்லை. இந்த வருஷம் அந்தத் தேதியில் போனும் வரவில்லை. ஒரு வாரம் தள்ளி வந்தது. "வே தணிகாசலம், நான் அங்க வாரேன். ஒரு விசயம் கேக்கணும். போன்ல கேக்கக்கூடியது இல்ல. நேர்ல, உம்ம மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டான். உம்ம மூஞ்சியப் பாத்து. அந்த வார்த்தை நாலு நாளாக அவன் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. சாதாரணமாகக் கேட்க வருகிறவன் இப்படியா சொல்வான்? மூஞ்சியைப் பார்த்துக் கேட்பது எதை? பொய் சொல்லக்கூடியவனிடம்தான் மூஞ்சியைப் பார்த்துக் கேட்பார்கள். பெண்டாட்டி கனகவல்லி புறப்படும்போது செருப்பை எடுத்துவைத்துக்கொண்டே கேட்டாள், "இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வராரு அவரு? கால் முடியாதவரு." "பாக்கணும்னு வரான்டி." "பாக்கறதுக்கு வந்தா நல்லதுதான? நீ ஏன் நாலு நாளா சோறு துன்னாம கீற?" அவளுக்குத் தெரியுமோ? தூக்கத்தில் எதையாவது உளறி வைத்தேனோ? இருபத்தொரு வருஷம் பக்கத்தில் படுத்தவள் என்னென்ன கேட்டிருப்பாள், கேட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போல் செருப்பை எடுத்து வைக்கிறாளோ?

ஆனால் கனகவல்லி இல்லை. அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்திருக்கும். வாயைத் திறந்திருக்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். வர்கீஸ். கோட்டயத்துக்காரன், அன்றைக்கு அவர்களோடு வந்த நர்சிங் அசிஸ்டென்ட். காயம் கட்டுகிறவன், தோளில் மருந்துப் பை தொங்க எந்நேரமும் ஏதோ ஒரு பாட்டை மூக்கால் முனகிக்கொண்டிருப்பவன். அவன் பார்த்தான். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதவனைத்தான் நம்பக்கூடாது; சொல்கிறவன் சொல்லி முடித்துவிடுவான், சொல்லாதவன் வைத்திருப்பான். அதற்குப்பின் அதே பட்டாலியனில் ஆறு வருஷம் அவனோடு இருக்கவேண்டியிருந்தது. மெஸ்ஸில் அவன் உட்கார்ந்த மேசையில் தணிகாசலம் உட்கார்ந்ததில்லை. ரிடையரான பிறகு வர்கீஸ் ஏழெட்டுத் தடவை போன் பண்ணினான்; பேர் திரையில் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே அடித்து ஓயட்டும் என்று விட்டான். எதற்குக் கூப்பிடுகிறான்? சும்மா எவனாவது கூப்பிடுவானா? வயசாகிறது, மனசில் வைத்திருக்க முடியவில்லை, பாதிரியாரிடம் சொல்லுவதுபோல யாரிடமாவது சொல்லிக் கழுவிக்கொள்ளவேண்டும் என்று தோன்றியிருக்கும். லிங்கத்திடம் சொல்லியிருப்பான். போன மாசம் சொல்லியிருப்பான். அதனால்தான் கருப்பட்டி வரவில்லை. கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது, எங்கேயும் இடிக்கவில்லை. இடிக்காமல் வருவதே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது, அதையும் அவன் கவனித்தான்.

டீக்காரன் வந்தான். இருந்த நாலு பேரில் நேராக இவனிடம் வந்து நின்றான். "சார், டீ?" வேண்டாம் என்று தலையாட்டினான். ஏன் என்னிடம் முதலில் வந்தான்? மெடலைக் குத்திக்கொண்டா வந்திருக்கிறேன்? குத்திக்கொள்வது வருஷத்தில் ஒரு நாள்தான், ஜனவரி இருபத்தாறு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில். கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்தபின் ஹெட்மாஸ்டர் மைக்கைக் கையில் கொடுப்பார், பிள்ளைகள் மணலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். அவனும் சொல்வான். பன்னிரண்டு பேர் ரோந்து போனோம், ஓடையைத் தாண்டும்போது மேலேயிருந்து சுட ஆரம்பித்தார்கள், ஒன்பது பேர் பெரிய பாறைக்குப் பின்னால் போய்விட்டோம், மூன்று பேர் வெட்டவெளியில் விழுந்துவிட்டார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். முதலில் கர்நாடகா பையன் மஞ்சப்பாவைத் தூக்கிவந்தேன், அடுத்து நாயுடுவை, மூன்றாவதாக லிங்கத்தை. கைதட்டல். நாலு வருஷத்துக்கு முன்னால் உற்சாகம் முற்றிப்போய்க் கரும்பலகையைக் கொண்டுவரச் சொல்லி, சாக்பீஸால் படமே போட்டுவிட்டான்: இது பாறை, இது லிங்கம், இது நாயுடு, இது மஞ்சப்பா. ஏழாவது படிக்கிற ஒரு பெண், ரெட்டை ஜடை, கையைத் தூக்கினாள். "ஐயா, லிங்கம்தான பாறைக்குக் கிட்ட இருக்காரு? அவரைத் தாண்டிப் போயிதான அவங்களத் தூக்கியிருக்கீங்க? அவர ஏன் கடைசியா தூக்கினீங்க?" தணிகாசலம் சாக்பீஸைக் கீழே வைத்தான். ஹெட்மாஸ்டர் சிரித்து, "கேள்வி கேக்காதம்மா, பட்டாளத்து ரகசியம்" என்று சமாளித்தார். இந்தக் குட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒரு வாரம் விசாரித்தான். அவள் அப்பன் யார், எந்த ரெஜிமென்ட், வர்கீஸோடு எங்கேயாவது வேலை பார்த்தவனா. அப்பன் ஆற்காட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, போட்டது தணிகாசலமேதான். அடுத்த வருஷம் படம் கேட்டார்களே என்று மறுபடியும் போட்டபோது லிங்கத்தின் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். இந்த ஜனவரியில் லிங்கம் மஞ்சப்பாவையும் தாண்டி மூலையில் போய்க் கிடந்தான்.

நிஜத்தில் லிங்கம் கிட்டத்தான் கிடந்தான். பாறையிலிருந்து முப்பதடி இருக்கும். குப்புற, முகம் பனியில் புதைந்து, பிடரியிலும் வலது காலிலும் ரத்தம். கிளம்பும்போது வர்கீஸ் தன் பையிலிருந்து கட்டுத்துணி மூன்றும் கத்தரிக்கோலும் எடுத்து நீட்டினான், உடுப்பைக் கிழிக்க நேரமிருக்காது, வெட்டிவிடு என்றான். தணிகாசலம் வயிற்றால் ஊர்ந்து போனான். வாயில் பனியும் மண்ணும், காதில் தன் மூச்சே இரைச்சலாக, தலைக்கு மேலே குண்டு போகிற சத்தம் ஈரத்துணியை உதறுவதுபோல. லிங்கம், லிங்கம் என்று கூப்பிட்டான். பதில் இல்லை. கையுறையைக் கழற்றி லிங்கத்தின் கழுத்தில் விரலை வைத்தான். விரல் மரத்துப்போய் இருந்தது. ஒரு நாழிகையாகப் பனியில் நனைந்த கையுறைக்குள் கிடந்த விரல், அதற்கு எது தெரியும்? துடிப்பு இல்லை. இல்லை என்றுதான் இருந்தது. பட்டாளத்தில் ஒவ்வொருத்தன் கழுத்திலும் ஒரு கயிறு உண்டு, அதில் பேரும் நம்பரும் வெட்டிய இரண்டு வில்லை. ஆள் செத்துப்போனால் ஒரு வில்லையை அறுத்து எடுத்துக்கொண்டு மற்றதை உடம்போடு விடவேண்டும். எடுத்தாயிற்று என்றால் அவன் முடிந்தான். அப்புறம் அவனுக்காக யாரும் குண்டுக்குள் போகமாட்டார்கள். உயிரோடு இருக்கிறவனை முதலில் தூக்கு என்பதுதான் முறை. தணிகாசலம் வர்கீஸின் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி, ஒரு வில்லையை உருவி, மேல்பையில் போட்டுக்கொண்டு லிங்கத்தைத் தாண்டி ஊர்ந்து போனான். அங்கே மஞ்சப்பா அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்தான். கத்துகிறவனுக்கு உயிர் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இங்கேதான் எப்போதும் மாட்டிக்கொள்ளும். இருபத்தொரு வருஷமாக இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு நகராது, சேற்றில் சக்கரம் சுற்றுகிற மாதிரி அங்கேயே சுற்றும். விரல் மரத்திருந்தது, சரி. அப்படியானால் காதை அவன் முதுகில் வைத்துக் கேட்டிருக்கலாம். வாய்க்கு முன்னால் புறங்கையை வைத்துப் பார்த்திருக்கலாம், ரெக்ரூட் காலத்திலேயே சொல்லிக்கொடுத்தது. முகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? குண்டு வந்துகொண்டிருந்தது. ஆமாம், வந்துகொண்டிருந்தது. ஆனால் அதே குண்டுக்குள் கயிற்றைத் தேடிப் பிடித்து வெட்ட நேரம் இருந்ததே? அந்த விரலுக்கு ஒரு சூடு தட்டுப்பட்டதா? மிக லேசாக, கழுத்துக்கும் காலருக்கும் நடுவில்? தட்டுப்பட்டு, இவன் கனமானவன், கூப்பிட்டால் பேசாதவன், அந்தப் பையன் லேசானவன், கத்துகிறவன் என்று ஏதோ ஒன்று உள்ளே முடிவு செய்துவிட்டதா? அப்படி நினைத்தேனா, அல்லது நினைத்தேன் என்று பின்னால் நினைக்கிறேனா? டீக்காரனை, பெண்டாட்டியை, ஜடை போட்ட பெண்ணை, ஒலிபெருக்கியைச் சந்தேகப்படுவதெல்லாம் இதன் ஓரத்தில் உதிர்ந்த தூள்தான். பெரிய சந்தேகம் அந்த ஒரு விரல் மேலேதான். அவனுக்கு அழுகை வந்தது. ஐம்பத்தொரு வயசில் பிளாட்பாரத்தில் அழ முடியாது என்பதால் தூசு விழுந்ததுபோல் கண்ணைத் தேய்த்தான். எதிர் பெஞ்சுக்காரர் பார்த்துவிட்டார். பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். அவருக்கு இவன்மேல் சந்தேகம்.

மஞ்சப்பாவைப் பாறைக்குப் பின்னால் போட்டதும் ரோந்துத் தலைவரான சுபேதார், லிங்கம்? என்று கண்ணால் கேட்டார். வில்லையை எடுத்து நீட்டியிருக்கவேண்டும். எடுக்கவில்லை. மூச்சு வாங்கியது, நாயுடு கிடக்கிறான், வந்து கொடுப்போம் என்று இருந்தது. இரண்டாம் தடவை நாயுடுவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும்போது லிங்கத்தை உரசிக்கொண்டு வந்தான், வேறு வழி இல்லை. அப்போதுதான் அந்தக் கை. பனிக்கு மேலே விரித்துக் கிடந்த லிங்கத்தின் இடது கை, விரல்கள் மடங்கின. மடங்கி, விரிந்து, மறுபடி மடங்கின. இரண்டு பேரை இழுக்க முடியாது. நாயுடுவைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அதற்குள் மேலே இன்னொரு துப்பாக்கி சேர்ந்துகொண்டது, ஓடையில் கல் தெறித்துக் கல் தெறித்துப் பறந்தது. சுபேதார் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போகாதே என்றார், ஆர்டர் என்றார். உதறிவிட்டுப் போனான். மேலதிகாரி தடுத்தும் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் மூன்றாம் முறையும் சென்றார் என்று மெடலோடு கொடுத்த தாளில் அடித்திருக்கிறது, கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறது. எது பொருட்படுத்தாமல்? அவன் பையில் உயிரோடு இருக்கிறவனின் வில்லை இருந்தது. லிங்கம் அங்கேயே செத்தால் நாளைக்கு உடம்பை எடுக்கப் போகிறவன் கழுத்தில் ஒற்றை வில்லையைப் பார்ப்பான். யாரோ முன்பே வந்து எடுத்திருக்கிறான் என்று தெரியும். யார் வந்தது? தணிகாசலம்தான் வந்தான். வந்தவன் ஏன் சொல்லவில்லை? அந்தக் கேள்வி குண்டைவிடப் பெரிசாக இருந்தது, அதனால் குண்டுக்குள் போனான். அப்படியும் சொல்ல முடியாது. அவன் லிங்கம், தட்டில் பாதி ரொட்டியைத் தள்ளி வைக்கிறவன், அதற்காகவும்தான் போனான். எதற்காக எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் கலந்துவிட்டது. தூக்கும்போது மேல்பையிலிருந்த வில்லையை எடுத்து ஓடையில் எறிந்தான், அதுமட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. பாறைக்குப் பின்னால் வர்கீஸ் லிங்கத்தின் காலரைத் திறந்தான். கயிறு வெட்டுப்பட்டு நுனி இரண்டும் சுத்தமாக நின்றன. வர்கீஸ் அதைப் பார்த்தான். தணிகாசலத்தின் பெல்ட்டில் செருகியிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தான். கையை நீட்டி அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டு லிங்கத்தின் காலைக் கட்டத் தொடங்கினான். பாட்டு மட்டும் முனகவில்லை.

வண்டி வந்துவிட்டது. சொன்னபடி ஐம்பது நிமிஷம், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. தணிகாசலத்துக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாவது பெட்டியிலிருந்து முதலில் ஒரு கைத்தடி இறங்கியது, அப்புறம் நல்ல கால், அப்புறம் இழுபடுகிற கால், கடைசியில் லிங்கம். நரைத்துவிட்டான், கன்னம் ஒட்டிவிட்டது. கருப்பட்டிப் பெட்டி இல்லை. கையில் ஒரு சின்ன ரெக்ஸின் பை. வழக்கமாகக் கட்டிப்பிடிக்கிறவன் கட்டிப்பிடிக்கவில்லை. "வீட்டுக்குப் போலாம் வா, கனகா சமைச்சு வச்சிருக்குது" என்றான் தணிகாசலம். "இல்லவே. முதல்ல இங்க உக்காரும். கேட்டுட்டுத்தான் உம்ம வீட்டுப் படி ஏறணும்." முருங்கைக்காய்க்காரர் அதே வண்டியில் ஏறிப் போய்விட்டார். காலியான அந்தப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். லிங்கம் சொன்னபடியே மூஞ்சியைப் பார்த்தான். தணிகாசலம் அவன் கையைப் பார்த்தான். தடியின் தலையில் இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"வர்கீஸ் போய்ச் சேந்துட்டான்வே. போன மாசம். நெஞ்சுவலி."

தணிகாசலம் கணக்கை மறுபடி கூட்டிப் பார்த்தான். செத்தவன் எப்படிச் சொல்லியிருப்பான்? சாகிறதுக்கு முன்னால் சொன்னானா?

"அவன் பொஞ்சாதி எனக்குப் போன் பண்ணுனா. அழுதுக்கிட்டே கேக்கா. என் வீட்டுக்காரரு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனாரு, வருசம் தவறாம கிறிஸ்மஸுக்குக் கார்டு போட்டாரே, ஒருக்கா உங்க வீடு தேடி வந்தாரே, கதவச் சாத்திட்டீங்களாமேன்னு. ஆமா, சாத்தினேன். தண்ணிகூடக் குடுக்கல. ஏன்னு உமக்குத் தெரியாது, நான் யார்ட்டயும் சொல்லல. அன்னைக்கு நான் மயங்கலவே. அசையத்தான் முடியல, நாக்குப் புரளல, காது கேட்டுச்சு. எவனோ வந்தான். லிங்கம் லிங்கம்னான், காத்துல பாதி வார்த்த போச்சு, யாரு குரல்னு பிடிபடல. வந்துட்டான்யா, பொழச்சோம்னு நினைச்சேன். கழுத்துல கை வச்சான். அப்புறம் கத்தரி சத்தம். வில்லைய எடுத்துட்டுப் போயிட்டான். உசுரோட இருக்கவன் வில்லையவே! நான் இங்க இருக்கேன்னு உள்ளுக்குள்ள கத்துறேன், அவன் பூட்ஸ் பனியில உரசுற சத்தம் போயிக்கிட்டே இருக்கு." தடியைத் தரையில் ஒருமுறை குத்தினான். "அப்புறம் நீரு வந்தீரு."

தணிகாசலம் அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கத்தரி யார்கிட்ட இருக்கும்? காயம் கட்டுறவன்கிட்டத்தான? ஆஸ்பத்திரிக்கு என்னப் பாக்க வந்தான். நீதானல அறுத்தது, வைத்தியம் படிச்சவனுக்கு உசுரு இருக்கா இல்லையான்னு தெரியாதாலன்னு மூஞ்சியில துப்பினேன். அவன் ஒத்த வார்த்த பேசலவே. இல்லன்னு சொல்லல. தொடச்சிக்கிட்டு நின்னான். பேசாம இருந்தா அவன்தான்னு எடுத்துக்கிட்டேன். இப்ப அந்தப் பொம்பள அழுததுலேருந்து எனக்குச் சந்தேகம் வந்துட்டு. கெட்டவன் எவனாச்சும் இருவது வருசம் கார்டு போடுவானா? நீரு அங்கன இருந்தீரு. பாறைக்குப் பின்னால இருந்து அவன் வெளிய வந்தானா இல்லையான்னு உமக்குத் தெரியும். சொல்லும். அவன்தானா?"

முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் கெட்ட நிம்மதி, வியர்த்த உடம்பில் காற்று பட்டதுபோல. இவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை, அதுகூட வேண்டாம், ஒரு பெருமூச்சு விட்டால் போதும், லிங்கம் புரிந்துகொள்வான், கனகவல்லி வைத்த மீன்குழம்பைச் சாப்பிடுவான், அடுத்த வருஷம் கருப்பட்டி வரும். வர்கீஸுக்கு இனிமேல் என்ன குறைந்துவிடப்போகிறது? இவ்வளவும் ஒரு கணத்தில் ஓடியது. அதன் பின்னாலேயே மற்றது வந்தது. வர்கீஸ் பேசவில்லை. லிங்கம் துப்பினபோது, அது நான் இல்லை, உன்னை முதுகில் போட்டுத் தூக்கிவந்தானே அவன்தான் என்று அவன் சொல்லியிருக்கலாம், நாலு வார்த்தை. சொன்னால் இவனுக்கு மெடல் கிடையாது, ஊரில் பேர் கிடையாது, லிங்கம் கிடையாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். தணிகாசலம் உட்காராத மேசையில் ஆறு வருஷம் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டான். போன் பண்ணினான், இவன் எடுக்கவில்லை. எதற்குப் பண்ணியிருப்பான்? எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பண்ணியிருப்பான். யார் யாரையோ சந்தேகப்பட்டு, இந்த மண்ணில் தன்னைக் காப்பாற்றிய ஒரே ஆளையும் சந்தேகப்பட்டுக் கொன்று முடித்தாயிற்று. கையிலிருந்து கண்ணை எடுத்து லிங்கத்தின் முகத்தைப் பார்த்தான்.

"நான்தாம்பா."

"என்னது?"

"அது வர்கீஸ் இல்ல. அவன் பாறைய வுட்டு வெளிய வரவே இல்ல. கத்தரி அவன் குடுத்தது. கழுத்துல கை வச்சது நான். அறுத்தது நான். நீ செத்துட்டன்னு நெனச்சேன்." நிறுத்தினான். அதோடு விட்டிருக்கலாம். "நெனச்சேனான்னு எனக்கே சந்தேகம். உன் மூஞ்சியத் திருப்பிப் பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அப்பறம் உன் கை அசைஞ்சது. பயந்துபோய்த் திரும்பி வந்தேன்."

லிங்கம் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். சரக்கு வண்டி ஒன்று நிற்காமல் கடந்து போனது. எண்ணிக்கொண்டிருந்தால் ஐம்பது பெட்டி இருந்திருக்கும், இருவரும் எண்ணவில்லை.

"விட்டுட்டுப் போனதும் நீரு."

"ஆமா."

"திரும்ப வந்ததும் நீரு."

"ஆமா."

"ஒருத்தன வருசம் பூரா திட்டினேன், ஒருத்தனுக்கு வருசா வருசம் கருப்பட்டி அனுப்பினேன். நீரு செஞ்சத நான் தாங்கிக்கிடுவேன்வே. நீரு வராட்டி நான் இல்ல. அவன் மூஞ்சியில துப்புனேனே, அத என்ன பண்ண? அந்தப் பொம்பளைட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் வரேன். நானே சொல்றேன்."

லிங்கம் தடியை ஊன்றி எழுந்தான். கால் தடுமாறியது. தணிகாசலம் சட்டென்று தோளைப் பிடிக்கப் போனான்.

"தொடாதேயும்."

கை அந்தரத்தில் நின்றது, பிறகு இறங்கியது. லிங்கம் மேம்பாலப் படிகளை நோக்கி நடந்தான். ஒவ்வொரு படியிலும் முதலில் தடி, பின்பு நல்ல கால், பின்பு மற்றதை இழுத்து மேலே வைத்தான். தணிகாசலம் ஒரு படி பின்னால், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், பிடிக்காமல் ஏறினான். முப்பத்தாறு படி. உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று லிங்கம் மூச்சு வாங்கினான். கீழே கவுண்டரில் டிக்கெட்டுக்கு வரிசை நின்றது. அவன் திரும்பாமலே கேட்டான்.

"கோட்டயம் போற வண்டி எப்பவே?"

"நாலரைக்கு" என்றான் தணிகாசலம். எதற்குக் கேட்கிறான் என்று அவன் யோசிக்கவில்லை.